இரும்பு குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து
வேலூர் டாக்டர் மாம்மன் சாண்டியின் இரத்தவியல் பணியும், அதனால் நம் குடும்பங்களுக்குக் கிடைத்த பயனும்



புதுச்சேரியில் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். வெளுத்த முகத்தோடும், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்ற புகாரோடும் வரும் பெண்களைப் பார்க்காத நாளே இல்லை என்பார்கள். டாக்டர் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். பெரும்பாலோருக்கு அதுவே சரியான மருந்து. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், 15 வயது முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை இருப்பதாகத் தெரிய வந்தது. பக்கத்துத் தமிழ்நாட்டில் இது நூற்றுக்கு 53. பாதிப் பேருக்கு மேல்!

ஆனால் இவர்களுக்கு நடுவே வேறு ஒரு சிறு கூட்டமும் இருக்கிறது. இவர்கள் மாதக் கணக்கில் மாத்திரை சாப்பிட்டாலும் ஹீமோகுளோபின் ஏறாது. இவர்களுக்குக் குறைந்திருப்பது இரும்பு அல்ல. பெற்றோரிடமிருந்து வந்த மரபணு ஒன்றில் உள்ள சிறிய பிழைதான் காரணம். இவர்களுடைய பிள்ளைகளில் சிலருக்கு அதே பிழை இரட்டிப்பாக வந்துவிட்டால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஏற்றிய இரத்தத்தில் இருக்கும் இரும்பே பிறகு அந்தப் பிள்ளையின் இருதயத்தைக் கெடுக்கும்.

ஒரே இரும்பு, ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். இந்த வேறுபாட்டைக் கண்டறியவும், விஷமானபோது வழி காணவும், நம் நாட்டில் முன்னோடியாக உழைத்தது நமக்கு அருகிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனை. அந்தக் கதையை எளிய முறையில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

உடலில் இரும்பின் வரவு செலவு

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஒரு சிறிய ஆணி அளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தின் சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினுக்குள் உள்ளது. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு உடல் முழுவதும் கொண்டுபோவது இந்த இரும்புதான்.

சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து மடிகிறது. மடிந்த அணுவிலிருந்த இரும்பை உடல் வீணாக்குவதில்லை. பழைய பாத்திரத்தை உருக்கிப் புதுப் பாத்திரம் வார்ப்பதுபோல, தினமும் 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பைத் திரும்ப எடுத்துப் புதிய அணுக்களைச் செய்கிறது. வெளியே போவது ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவதும் அதே அளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உப்பு மிஞ்சினால் சிறுநீரில் போகும். தண்ணீர் மிஞ்சினாலும் போகும். இரும்பு மிஞ்சினால் போக வழியே இல்லை. அதனால் உடல் வாசலிலேயே காவல் வைத்திருக்கிறது. ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள்தான் அந்தக் காவல்காரன். இரும்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடும், குடலின் கதவு சாத்தப்படும். இரும்பு வேண்டும் என்றால் ஹெப்சிடின் குறையும், கதவு திறக்கும். இந்தக் காவல்காரன் அடையாளம் காணப்பட்டது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஹெப்சிடின் இல்லாத சுண்டெலிகளின் உடலில் இரும்பு குவிந்துபோவதைப் பாரீஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 2001ல் எடுத்துக் காட்டினார்கள்.

ஓர் ஆய்வுக்கூடத்தின் பரம்பரை

வேலூர் சி.எம்.சி.யைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய பணி அது. 1918ல் பெண்களுக்கு மருத்துவக் கல்வி, 1947 முதல் ஆண்களுக்கும் இடம் என்று வளர்ந்தது.

மிஷன் மருத்துவமனை என்றால் காயத்துக்குக் கட்டுப் போடும் இடம், ஆராய்ச்சி என்பது பெரிய சர்க்கார் நிறுவனங்களின் வேலை என்று பலர் நினைக்கிறோம். வேலூரில் அப்படி இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டாக்டர் செல்வின் பேக்கர், நம் மக்களுக்கு இரத்த சோகை வருவது ஏன், குடல் சத்தை உறிஞ்சாமல் போவது ஏன் என்று அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கர்ப்பிணிகளுக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தால் போதும் என்று அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு டெல்லியிலும் வேலூரிலும் நடந்த ஆய்வு 1975ல் வெளிவந்தது. இன்று நம் ஊர் சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வாங்கிச் செல்லும் மாத்திரைக்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

இந்தப் பரம்பரையில் வந்தவர்தான் டாக்டர் மாம்மன் சாண்டி. வேலூரிலேயே மருத்துவம் படித்து, அங்கேயே எம்.டி. பட்டமும் பெற்றார். பிறகு ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் இரத்தவியல் பயின்றார். அங்கே அவர் இரண்டு தகுதிகளைப் பெற்றார். ஒன்று நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு உரியது, மற்றது ஆய்வுக்கூடத்தில் நோயை ஆராயும் நோய்க்குறியியல் நிபுணருக்கு உரியது. காலையில் வார்டில் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும், பிற்பகலில் அதே பிள்ளையின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கவும் ஒரே மனிதரால் முடிந்தது. அவருடைய பிற்காலப் பணிக்கு இதுவே அஸ்திவாரம்.

வெளிநாட்டில் வசதியாக வாழ வழி இருந்தும் அவர் வேலூருக்கே திரும்பினார். இரத்த வியாதிகளுக்கென்று தனித் துறையை வளர்த்தார். அந்தத் துறையின் வாசலில் வந்து நின்றவர்களில் மிகவும் பரிதாபமானவர்கள் தலசீமியாப் பிள்ளைகள்.

தலசீமியா என்பது என்ன?

இந்த வியாதியை 1925ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி விவரித்தார். ஹீமோகுளோபினைச் செய்வதற்கான குறிப்பு நம் மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி 11ஆம் குரோமோசோமில் உள்ளது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகள்.

ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் அவர் தலசீமியா மைனர். அவருக்கு லேசான இரத்த சோகை இருக்கலாம், மற்றபடி சுகமாகவே வாழ்வார். தனக்கு இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவர் இன்னொரு மைனரை மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டு பிரதிகளும் பிழையானவையாக அமையும். அதுதான் தலசீமியா மேஜர். நாலில் இரண்டு வாய்ப்பு, பெற்றோரைப் போல மைனர். நாலில் ஒரு வாய்ப்பு, பிழையே இல்லாத பிள்ளை. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது.

இந்தியாவில் நூற்றுக்கு 3 அல்லது 4 பேர் இந்தப் பிழையைச் சுமப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சிந்திகள், பஞ்சாபியர், வங்காளிகள் போன்ற சில சமூகங்களில் இது அதிகம். தெற்கே குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. மேலும் நம் பகுதியில் மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் உண்டு. ஒரே பாட்டனிடமிருந்து வந்த பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்ற ஆசை தவறல்ல. ஆனால் சொத்தோடு மரபணுவும் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.

மேஜர் பிள்ளை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். ஆறு மாதம் ஆனபிறகு வெளுக்கத் தொடங்கும். பால் குடிக்காது, எடை ஏறாது, வயிறு பெருக்கும். ஊரில் திருஷ்டி கழிப்பார்கள், டானிக் கொடுப்பார்கள். ஹீமோகுளோபின் 3 அல்லது 4 கிராமுக்கு இறங்கியபிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள். அன்று முதல் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்.

காப்பாற்றும் இரத்தமே கெடுதல் செய்வது எப்படி?

ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வாசல் வழியாகத் தினமும் 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டும் அனுமதிக்கும் உடலுக்குள், ஊசி வழியாக ஒரே நாளில் இவ்வளவு இறங்குகிறது. காவல்காரன் வாசலில் நிற்க, சரக்கு கூரையைப் பிரித்துக்கொண்டு உள்ளே வருகிறது!

அதோடு இந்தப் பிள்ளைகளின் எலும்பு மஜ்ஜை, இரத்தம் போதவில்லை என்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்டு ஈரல் ஹெப்சிடினைக் குறைத்துவிடுகிறது. ஆகவே உடலில் இரும்பு குவிந்திருக்கும்போதே குடலும் கதவைத் திறந்து இன்னும் இரும்பை இழுக்கிறது. இரத்தம் அதிகம் ஏற்றாத சில தலசீமியா நோயாளிகளுக்கும் இரும்பு சேர்வது இதனால்தான்.

சேர்ந்த இரும்பு ஈரலில் தங்கி அதைத் தழும்பாக்குகிறது. கணையத்தில் தங்கினால் சர்க்கரை வியாதி. வளர்ச்சிச் சுரப்பிகளில் தங்கினால் பிள்ளை உயரமாகாது, பருவம் எய்தாது. கடைசியில் இருதயத்தில் தங்குகிறது. இரத்தம் மட்டும் ஏற்றி, இரும்பை எடுக்காமல் விட்டால், பத்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையிலோ, சற்றுப் பின்னோ இருதயம் நின்றுவிடுகிறது. பெற்றோர் கடன் வாங்கி, உறவினர் கையைப் பிடித்து இரத்தம் கேட்டு வளர்த்த பிள்ளை, இரத்தக் குறைவால் சாகவில்லை, இரும்பால் செத்தது என்பது எவ்வளவு வேதனை!

இரும்பை வெளியே எடுக்க முதலில் வந்த மருந்து டெஸ்பெரால். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது, 1960களில் பயனுக்கு வந்தது. வாயால் சாப்பிட்டால் பலன் இல்லை. சிறிய பம்ப் ஒன்றோடு இணைத்த ஊசியைத் தோலுக்கடியில் குத்தி, 8 முதல் 12 மணி நேரம் மெதுவாகச் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து இரவுகளாவது இப்படி. விலையும் அதிகம், வலியும் அதிகம். கூலி வேலை செய்யும் குடும்பத்தால் எப்படி முடியும்? வாயால் சாப்பிடும் டெபெரிபுரோன் என்ற மருந்து 1990களின் நடுவில் உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. இது சிலருக்கு வெள்ளை அணுக்களைத் திடீரென்று குறைக்கக் கூடும், ஆகையால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். 2005க்குப் பிறகு டெபெராசிராக்ஸ் என்ற மாத்திரையும் வந்தது. நாளுக்கு ஒரு தடவை போதும். பெரிட்டின் என்ற பரிசோதனையால் உடலில் சேர்ந்துள்ள இரும்பை உத்தேசமாக அறியலாம். அந்த எண்ணை 1000க்குக் கீழே வைக்க மருத்துவர்கள் முயலுகிறார்கள்.

1986: வேலூரில் ஒரு புதிய முயற்சி

மருந்தால் இரும்பை எடுக்கலாம், வியாதியை எடுக்க முடியாது. மஜ்ஜையையே மாற்றினால்? 1981ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் டொனால் தாமஸ் குழுவினரும், இத்தாலியின் பெசாரோ நகரில் டாக்டர் குய்டோ லுக்கரெல்லி குழுவினரும் தலசீமியாப் பிள்ளைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றத் தொடங்கினார்கள்.

ஐந்தே ஆண்டுகளுக்குள், 1986 அக்டோபரில், டாக்டர் மாம்மன் சாண்டியும் அவருடைய குழுவினரும் வேலூரில் அதைச் செய்தார்கள். தலசீமியாவுக்காக இந்தியாவில் நடந்த முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை அதுதான்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் முழுவதும் அழிக்க வேண்டும். புது மஜ்ஜை வேர் பிடிக்கும் வரை, சில வாரங்கள், ஒரு சாதாரணக் கிருமிகூட உயிரைக் கொண்டுபோய்விடும். சுத்தமான காற்று, சுத்தமான உணவு, இரவு பகல் பார்க்காத தாதியர், உடனுக்குடன் கிடைக்கும் பரிசோதனை, நம்பகமான இரத்த வங்கி எல்லாம் வேண்டும். அதே 1986ல்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னையில் எடுத்த இரத்தம் பரிசோதிக்கப்பட்டதும் வேலூரில்தான். இரத்தத்துக்காகவே வாழும் பிள்ளைகளுக்கு அந்த இரத்தத்தைப் பற்றியே பயம் வந்த காலம் அது. பணத்துக்காக இரத்தம் விற்கும் முறையை 1996ல் உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி முதல் அந்த முறை தடை செய்யப்பட்டது. இன்று நம் சபைகளில் வாலிபர்கள் மனமுவந்து தரும் இரத்தத்துக்கு இருக்கும் மதிப்பு இதனால்தான்.

ஈரல் கற்றுக்கொடுத்த பாடம்

மஜ்ஜை மாற்றினால் எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்களா? இல்லை. யார் பிழைக்கிறார்கள், யார் பிழைப்பதில்லை என்று கூர்ந்து பார்த்ததில்தான் விஞ்ஞானியின் வேலை தெரிகிறது.

லுக்கரெல்லி மூன்று கேள்விகள் கேட்டார். ஈரல் பெருத்திருக்கிறதா? ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா? இரும்பை எடுக்கும் மருந்தை ஒழுங்காகக் கொடுத்தார்களா? மூன்றிலும் நல்ல நிலையில் இருந்த பிள்ளைகள் முதல் வகுப்பு. அவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் சுகமடைந்தார்கள். எல்லாம் மோசமாக இருந்தவர்கள் மூன்றாம் வகுப்பு. அவர்களில் பலர் சிகிச்சையையே தாங்கவில்லை.

இத்தாலியில் பிள்ளைகள் சீக்கிரம் வந்தார்கள், மருந்தும் கிடைத்தது. வேலூருக்கு வந்தவர்களோ பெரும்பாலும் தாமதமாக, இரும்பு நிறைந்த ஈரலோடு வந்தவர்கள். மூன்றாம் வகுப்பே அங்கே அதிகம். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டால் யாருக்கு ஆபத்து என்று எப்படித் தெரியும்? ஆகவே வேலூர்க் குழுவினர் தங்கள் பிள்ளைகளின் விவரங்களையே வைத்து ஆராய்ந்தார்கள். மூன்றாம் வகுப்பிலும், 7 வயதோ அதற்கு மேலோ ஆகி, ஈரல் 5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பெருத்திருந்த பிள்ளைகளே மிகவும் ஆபத்தில் இருப்பவர்கள் என்று கண்டு 2007ல் வெளியிட்டார்கள். இந்த ஆய்வை நடத்திய டாக்டர் விக்ரம் மேத்யூஸ், டாக்டர் சாண்டிக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர், பின்னாளில் சி.எம்.சி.யின் இயக்குநரானவர். இந்தப் பிள்ளைகளுக்காக ஈரலை அதிகம் வாட்டாத ட்ரியோசல்பான் என்ற மருந்தை அடிப்படையாகக் கொண்டு சிகிச்சை முறையை மாற்றினார்கள். பலன் நன்றாக உயர்ந்ததை 2013ல் எடுத்துக் காட்டினார்கள்.

விரல்களால் வயிற்றைத் தொட்டு ஈரலை அளப்பது எந்தக் கிராமத்து டாக்டராலும் முடியும். அந்த எளிய அளவை வைத்தே உலகம் பயன்படுத்தும் அறிவைக் கண்டார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

எழுத்துப் பிழையைத் தேடி

அடுத்த கேள்வி, இந்த வியாதி வராமல் தடுக்க முடியுமா என்பது. அதற்கு மரபணுவில் பிழை எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும்.

மரபணு நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட புத்தகம். உலகில் தலசீமியாவை உண்டாக்கும் 200க்கும் மேற்பட்ட பிழைகள் அறியப்பட்டுள்ளன. நம் நாட்டில் மிக அதிகமாகக் காணப்படுவது ஒரே ஓர் எழுத்துப் பிழை, ஜி இருக்க வேண்டிய ஓர் இடத்தில் சி இருப்பது. இத்தனை பெரிய துன்பத்துக்கு ஓர் எழுத்து போதுமானதாக இருக்கிறது! நல்ல வேளையாக, இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு ஐந்தாறு பிழைகளில் ஒன்றுதான் இருக்கும். முதலில் அவற்றைத் தேடி, கிடைக்காவிட்டால் மட்டும் முழு மரபணுவையும் எழுத்தெழுத்தாகப் படிக்கலாம்.

டாக்டர் சாண்டி, டாக்டர் அலோக் ஸ்ரீவத்சவா, விஞ்ஞானிகள் ஷாஜி, பூங்குழலி, யூனிஸ் எடிசன் ஆகியோர் வேலூரில் இதற்கான மூலக்கூறு ஆய்வுக்கூடத்தை வளர்த்தார்கள். சில சொட்டு இரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் லட்சக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கி, பிழையைக் கண்டுபிடிக்கும் முறைகளைச் செம்மைப்படுத்தினார்கள். எந்த மாநிலத்தில் எந்தப் பிழை அதிகம் என்ற விவரமும் 2008ல் அங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு, ஹெப்சிடின் முதலான புதிய கண்டுபிடிப்புகளைத் தொகுத்து, உடல் இரும்பை எப்படிச் சமன் செய்கிறது என்று விளக்கும் கட்டுரை ஒன்றையும் எடிசனும் சாண்டியும் மற்றொருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

பிரெஞ்சுக்காரரின் இரும்பு வியாதி

புதுச்சேரிக்காரர்களுக்கு இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. இரத்தமே ஏற்றாமல், பிறவியிலேயே காவல்காரன் பலவீனமாக இருப்பதால் இரும்பு சேரும் வியாதி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஹீமோகுரோமடோசிஸ். தோல் வெண்கல நிறமாகும், சர்க்கரை வியாதி வரும், ஈரல் கெடும். 1865ல் பாரீஸ் நகரில் டாக்டர் அர்மான் துரூசோ இதை விவரித்தார். இது பரம்பரை வியாதி என்பதற்கான முக்கியமான ஆதாரத்தை 1970களில் பிரெஞ்சு நாட்டின் ரென் நகரில் டாக்டர் மார்செல் சிமோன் கண்டார். காரணமான மரபணு 1996ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது.

வட ஐரோப்பியரிடையே இது சகஜம். பிரெஞ்சு நாட்டின் பிரித்தானி பகுதியில் மிக அதிகம். அவர்களிடையே இதை உண்டாக்கும் முக்கியமான பிழை தமிழரிடையே மிக அரிது. ஆகவே பாரீசில் இருக்கும் நம் உறவினர்கள், அங்கே சொல்லப்படும் இரும்பு வியாதி எல்லாம் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டியதில்லை. அங்கே திருமண உறவு கொண்ட குடும்பங்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்குச் சிகிச்சை என்ன தெரியுமா? இரத்தம் எடுப்பதுதான்! ஒரு பை எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். தலசீமியாப் பிள்ளைக்கு இந்த வழி இல்லை. எடுக்க இரத்தம் இருந்தால் அல்லவா எடுக்கலாம்?

மனச்சாட்சியின் கேள்வி

கருவிலேயே பரிசோதிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கர்ப்பத்தின் 10ஆம் வாரத்துக்குமேல் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, பிள்ளைக்கு மேஜர் இருக்கிறதா என்று அறிய முடியும். அறிந்தபின் என்ன செய்வது என்பது பாரமான கேள்வி. நம்மில் பலருக்கு அது மனச்சாட்சியைத் தொடும் காரியம். ஏற்கெனவே ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலையும் தாயின் நிலையில் நாம் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மருத்துவர் விவரத்தைச் சொல்லலாம், முடிவு அந்தத் தம்பதியருடையது.

ஆனால் அந்தக் கேள்வியே எழாமல் செய்ய ஒரு வழி உண்டு. சைப்ரஸ் தீவில் தலசீமியா மிக அதிகம். அங்கே 1980களில் திருச்சபை முன்வந்து, திருமணத்துக்கு முன் இருவரும் பரிசோதனை செய்துகொண்டு ஆலோசனை பெற்றோம் என்ற சான்றிதழைக் கேட்கத் தொடங்கியது. திருமணத்தைத் தடுப்பதற்காக அல்ல, தெரிந்து மணந்துகொள்ளட்டும் என்பதற்காக. மற்ற முயற்சிகளோடு சேர்ந்து, அங்கே தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஓலை வாசிக்கும் நம் சபைகளும் இதை யோசிக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. இரும்பு மாத்திரை மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், பெரிட்டினும் ஹீமோகுளோபின் எச்.பி.எல்.சி. பரிசோதனையும் தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். ஹீமோகுளோபின் ஏ2 என்ற பகுதி நூற்றுக்கு 3.5க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தலசீமியா மைனர் என்று பொருள். ஆனால் டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மைனராக இருப்பவருக்கும் இரும்புக் குறைவு சேர்ந்து இருக்கலாம்.

2. கல்யாணம் பேசும்போது, முக்கியமாகச் சொந்தத்தில் பேசும்போது, பையனும் பெண்ணும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். ஒருவர் மட்டும் மைனர் என்றால் பிள்ளைக்கு மேஜர் வராது, பயம் வேண்டாம்.

3. சாப்பிட்டவுடன் டீ, காப்பி குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் கூட்டும்.

4. இரும்பு மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று எண்ணிப் பலவற்றை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

5. சுகமாக இருப்பவர்கள் இரத்தம் கொடுங்கள். பண்டிகைக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் இரத்த வங்கியில் தட்டுப்பாடு வரும். தலசீமியாப் பிள்ளைக்கு விடுமுறை கிடையாது.

6. உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியாவும் சேர்க்கப்பட்டிருப்பதைச் சொல்லுங்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு, பொருத்தமான உடன்பிறப்பு உள்ள பிள்ளைகளுக்கு 10 லட்சம் ரூபாய் வரை உதவும் திட்டத்தைக் கோல் இந்தியா நிறுவனம் 2017ல் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வேலூரும் சேர்ந்தது. சீக்கிரம் போவது முக்கியம். ஈரல் கெடும் முன் போக வேண்டும்.

பணி தொடர்கிறது

டாக்டர் மாம்மன் சாண்டி வேலூரில் ஓய்வு பெற்றபின், 2011ல் திறக்கப்பட்ட கொல்கத்தா டாட்டா புற்றுநோய் மருத்துவமனையின் இயக்குநராகச் சென்று அதை உருவாக்கினார். 2019ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவரோடு உழைத்த டாக்டர் அலோக் ஸ்ரீவத்சவாவின் குழுவினர், இரத்தம் உறையாத ஹீமோபிலியா வியாதிக்கு மரபணு சிகிச்சை செய்து, ஐந்து பேருக்குக் கிடைத்த நல்ல பலனை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். தலசீமியாவுக்கும் மேல்நாடுகளில் மரபணு சிகிச்சை அனுமதிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதன் விலை ஏழை நாடுகளால் எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது. 1986ல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் நம் நாட்டுக்கு அப்படித்தான் இருந்தது. அன்று அதை இங்கே கொண்டுவர ஒரு குழு துணிந்தது. ஆயிரக்கணக்கானோருக்கு இதுவரை வேலூரில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்திருக்கிறது.

இன்று இரவும் நம் ஊரில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு தாய், பிள்ளையின் உதடு ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பாள். அது வெறும் சத்துக் குறைவா, வேறு ஏதாவதா என்று நாளைக் காலையில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அந்தத் தாயிடம் அதைச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். இதைப் படித்த நீங்கள் அந்த ஒருவராக இருக்கலாம்.